சோழியும் சீட்டும்: முத்துக்குளித்துறைக் கரையில் தொண்ணூறுகளின் பலகையாட்டங்கள்

பலகையாட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் 1990களை ஒரு திருப்பமாகக் கொள்வது உலகெங்கும் வழக்கமாக இருக்கிறது. அதற்கு முன்பே, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, பாத்திரமேற்பு ஆட்டம் என்னும் புது வகையைத் தொடங்கி வைத்தது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மாந்தரின் பொறுப்பை ஏற்றுக்கொள்ள, ஒருவர் கதையை நடத்திச் செல்ல, இக்கட்டான இடங்களில் பகடை முடிவு சொல்லும் ஆட்டம் அது. 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய ‘மேஜிக்: தி கேதரிங்’, உறையைப் பிரிக்கும்வரை உள்ளே இருப்பது தெரியாத சீட்டுகளை வாங்கிச் சேர்த்துத் தனக்கென ஒரு சீட்டுக்கட்டை அமைத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. 1995இல் ஜெர்மனியில் கிளாஸ் டாய்பரின் ‘கட்டான்’ வந்தது. இந்த மூன்றையும் தூண்களாக நிறுத்தி எழுதப்படும் வரலாற்றில் பெட்டியில் அடைத்து, விதிநூல் அச்சிட்டு, காப்புரிமை பெற்று விற்ற ஆட்டங்களுக்கே இடம் உண்டு. விதியை யாரும் அச்சிடாத, காயை யாரும் விற்காத ஆட்டங்கள் அதற்குள் வருவதில்லை. அத்தகைய ஆட்டங்கள் அதே பத்தாண்டில் தாமிரபரணிக் கரையிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரை வரையிலான திண்ணைகளில் எவ்வாறு இருந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்நிலப்பகுதியின் பழமை அறியப்பட்ட ஒன்று. தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டை 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் தோண்டிப் பார்த்தார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்து, பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கல, இரும்புப் பொருள்களையும் வெளிக்கொணர்ந்தார். அங்கிருந்து ஆறு ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் வழியாகப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. ஆற்றுக்கு வடக்கே பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை. அதற்கும் வடக்கே, கொற்கையின் இடத்தைப் பிற்காலத்தில் பெற்ற தூத்துக்குடி. நெல் விளையும் ஆற்றங்கரையும் முத்தும் சங்கும் எடுத்த கடற்கரையும் ஒரு நாள் நடைத் தொலைவில் இணைந்திருப்பதால், புளியங்கொட்டையும் சோழியும் ஒரே வீட்டில் ஆட்டக்காய்களாகப் புழங்க முடிந்தது.

ஆட்டக்காய்க்குத் தமிழில் இருந்த பழம்பெயர் இன்று பலருக்கு வியப்பளிக்கும். சூதாட்டக் கருவியைக் குறிக்கும் ‘வல்’ என்னும் சொல் ‘நாய்’, ‘பலகை’ என்னும் சொற்களோடு சேரும்போது எவ்வாறு திரியும் என்பதற்குத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் விதி வகுக்கிறது; வல்லநாய், வல்லப்பலகை என்று அவை வரும். இங்கே நாய் என்பது பலகைமேல் நகரும் காய். அன்றாடப் பேச்சில் ஓயாமல் வழங்கிய சொற்சேர்க்கைக்கே இலக்கணியர் தனி விதி எழுதுவர் என்பதால், பலகையாட்டம் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு இந்தப் புணர்ச்சி விதியே ஒரு சான்றாகிறது. வைகைக் கரையின் கீழடியில் சுடுமண் ஆட்டக்காய்களும், பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் நூற்றுக்கணக்கிலும், பகடைகளும் கிடைத்திருக்கின்றன. மண்ணும் தந்தமும் மண்ணுக்குள் நின்றன. அதே வீடுகளில் ஆடப்பட்டிருக்கக்கூடிய விதைகளும் கரிக்கோடுகளும் நிற்கவில்லை. 1990களைப் பற்றி எண்ணும்போதும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அப்பத்தாண்டில் வீடுகளில் அதிகம் ஆடப்பட்டவற்றுள் தாயம் முதன்மையானது. தரையில் சுண்ணாம்பாலோ கரியாலோ கட்டம் வரைந்து, உருட்டி விழும் எண்ணுக்கு ஏற்பக் காய்களைச் சுற்றிக் கொண்டுவந்து நடுக்கட்டத்தில் ‘பழம்’ எடுப்பது இதன் அமைப்பு. தாயம், அதாவது ஒன்று, விழுந்தாலன்றிக் காய் உள்ளே இறங்காது. எதிராளியின் காயை ஒருமுறையாவது வெட்டாதவர் பழம் எடுக்கும் பாதைக்குள் நுழைய முடியாது என்பது பல ஊர்களின் வழக்கு. வட இந்தியாவின் பச்சீசி இதற்கு உறவு. அதைச் சுருக்கி இங்கிலாந்தில் 1896இல் காப்புரிமை பெற்ற லூடோ, பின்னர் அட்டைப்பெட்டியில் இந்தியாவுக்கே திரும்பி வந்தது. லூடோவில் இந்த வெட்டு நிபந்தனை இல்லை என்பதால், அதில் ஒதுங்கிச் சென்றும் வெல்லலாம். தாயத்தில் மோதாமல் வெற்றி கிடையாது.

உருட்டும் கருவி வீட்டுக்கு வீடு மாறியது. வசதியுள்ள வீட்டில் நீளமான இரு பித்தளைத் தாயக்கட்டைகள் இருந்தன; மற்ற வீடுகளில் நான்கு புளியங்கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் கல்லிலோ சிமெண்டுத் தரையிலோ கறுப்புத் தோல் நீங்கி வெள்ளை தெரியும்வரை தேய்த்துக்கொண்டனர்; கடலோரத்தில் சோழி. இவை ஒன்றுக்கொன்று மாற்று என்றே ஆடுவோர் கருதினாலும், கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு நுட்பமான வேறுபாடு வெளிப்படுகிறது. பித்தளைக் கட்டை ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள் உண்டு. இரண்டையும் உருட்டினால் 16 வகைகளில் விழலாம். அவற்றுள் தாயம் 2, மூன்று 4, ஐந்து 2, ஆறு 1. இரண்டு முகமும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு எனக் கொள்ளப்படுவது 1. நான்கு புளியங்கொட்டைகளும் இரு பக்கமும் ஒரே வாய்ப்பில் விழுகின்றன என்று கொண்டால், அங்கும் 16 வகைகளே. ஆனால் ஒரு வெள்ளை மட்டும் தெரியும் தாயம் அவற்றுள் 4. ஆகவே பித்தளைக் கட்டையில் எட்டில் ஒரு முறை விழும் தாயம், புளியங்கொட்டையில் நான்கில் ஒரு முறை விழும். எளிய வீட்டில் ஆட்டம் இருமடங்கு விரைவாகத் தொடங்கும். மறு உருட்டல் தரும் எண்களை எடுத்துக்கொண்டால், கட்டையில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவை சேர்ந்து 16இல் 6. கொட்டையில் தாயம், நான்கு, அனைத்தும் கறுப்பாக விழும் எட்டு ஆகியவை சேர்ந்து அதே 16இல் 6. நுழைவதை எளிதாக்கிவிட்டு, தொடர்ந்து ஆடும் நல்வாய்ப்பை அதே அளவில் நிறுத்தியிருக்கும் இந்தச் சமன்பாட்டைக் காகிதத்தில் யாரும் கணக்கிட்டு அமைத்திருக்க வேண்டியதில்லை. பல தலைமுறைக் கைகள் ஆடிப் பார்த்துக் கொண்டதாகவே கருத இடமுண்டு. எந்த விதிநூலும் இதைக் குறித்து வைக்கவில்லை.

பல்லாங்குழிக்கு இந்த மண்ணிலிருந்தே ஓர் உரையாசிரியர் கிடைத்தார். பாளையங்கோட்டைக்காரரான தொ. பரமசிவன் 1997இல் வெளியான ‘அறியப்படாத தமிழகம்’ நூலில் இவ்வாட்டத்துக்கென ஒரு கட்டுரை ஒதுக்கினார். வரிசைக்கு ஏழாக 14 குழிகள். குழிக்கு ஐந்து காய் வைத்தால் 70. ஒருவர் தம் குழியொன்றை அள்ளி ஒவ்வொன்றாக இட்டுச் செல்ல, கை வெறுமையானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர, அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் துடைத்து அதற்கடுத்த குழியின் காய்களைத் தமதாக்கிக்கொள்ள, ஆட்டம் நகர்கிறது. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’, குழிக்குரியவர் அதை எடுத்துக்கொள்வார். சமமான செல்வத்தோடு தொடங்கும் இருவரில் ஒருவரிடம் குவிவதும் மற்றவர் குழிகளை நிரப்ப முடியாமல் வறியவராவதும் இதன் போக்கு. தோற்றவர் கையிலுள்ள சில காய்களைக் குழிக்கு ஒன்றாக வைத்து ஆடும் நிலையைச் சில ஊர்களில் ‘கஞ்சி காய்ச்சுதல்’ என்றே சொல்வர். பொதுவுடைமையாக இருந்த சமூகத்தில் தனிச்சொத்து தோன்றியதையும், அதை ஏற்கும் மனத்தைப் பழக்குவதையும் தொ. பரமசிவன் இவ்வாட்டத்தில் கண்டார். பெண்கள் வீட்டுக்குள் பொழுது போக்கும் ஆட்டம் என்று ஆய்வாளர்கள் கடந்துபோன ஒன்றில் பொருளாதாரத்தைப் படித்துக் காட்டியது, தமிழ்ப் பண்பாட்டாய்வில் தொண்ணூறுகளின் பெரும்பேறுகளுள் ஒன்று.

அந்தக் கட்டுரை வெளியான அதே ஆண்டுகளில் அதே வீடுகளுக்குள் ‘பிசினஸ்’ என்னும் அட்டை ஆட்டமும் நுழைந்திருந்தது. இந்திய நகரங்களின் பெயர் எழுதிய கட்டங்களைக் காகிதப் பணத்தால் வாங்கி, அங்கே வந்து நிற்பவரிடம் வாடகை பெற்று, மற்றவரை ஓட்டாண்டியாக்குவதே அதன் நோக்கம். இதன் மூலமான மோனோபோலிக்கும் மூலமாக நிற்பது, நிலவுடைமைக் குவிப்பின் தீமையை மக்களுக்கு உணர்த்தவென அமெரிக்கப் பெண்மணி லிசி மேகி உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்ற ஆட்டம். 1935இல் பெருநிறுவனத்தின் கைக்குப் போனதும் எச்சரிக்கை கொண்டாட்டமாகிவிட்டது. மேகி ஆட்டத்தை அமைத்துச் சொன்னதைத் தொ. பரமசிவன் பழைய ஆட்டமொன்றைப் படித்துச் சொன்னார். புதிய பொருளாதாரக் கொள்கை 1991இல் அறிவிக்கப்பட்ட நாட்டில், பல்லாங்குழிப் பலகையும் பிசினஸ் அட்டையும் ஒரே பரணில் கிடந்தன என்பது சிந்திக்கத் தக்கது.

பரமபதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆதிச்சநல்லூருக்கு அருகிலுள்ள ஸ்ரீவைகுண்டமும் அடுத்துள்ள ஆழ்வார்திருநகரியும் நவதிருப்பதிகளைச் சேர்ந்தவை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருக்கப் பரமபத சோபன படத்தை விரித்து ஆடுவது வைணவ மரபு. ஏணியை நற்செயலாகவும் பாம்பைத் தீவினையாகவும் காணும் அந்த வகைப் படமே மேலை நாட்டில் பொருள் களைந்த குழந்தை ஆட்டமாயிற்று.

சீட்டாட்டத்தின் கதை வேறு திசையிலிருந்து, கடல் வழியாக வருகிறது. 1658இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போர்த்துக்கேயரிடமிருந்து தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே ஆண்டில் கைப்பற்றியது; 1825இல் ஆங்கிலேயரிடம் முழுமையாக ஒப்படைக்கும்வரை, இடையீடுகளோடு, தூத்துக்குடி டச்சுத் துறைமுகமாக இருந்தது. அவர்களின் முத்துக்குளிப்பு வரவும் துணி ஏற்றுமதியும் நூல்களில் பேசப்படுகின்றன. பேசப்படாத ஒரு மிச்சம் தமிழ்நாட்டுச் சீட்டுக்கட்டில் இன்றுவரை இருக்கிறது. சீட்டின் நான்கு இனங்களை ஆட்டக்காரர்கள் இஸ்பேட், டைமன், ஆட்டின், கிளாவர் என்கின்றனர். முதல் இரண்டும் ஆங்கிலத்தின் ஸ்பேடும் டைமண்டும். ஆனால் இதயக்குறிக்கு ஆங்கிலத்தில் ஹார்ட்ஸ், மூவிலைக் குறிக்குக் கிளப்ஸ் என்றிருக்க, ஆட்டினும் கிளாவரும் எங்கிருந்து வந்தன? டச்சு மொழியில் இதயக்குறியின் பெயர் ஹார்ட்டன். மூவிலைக் குறியின் பெயர் கிளாவர். ‘துருப்பு’ என்னும் சொல்லும் அம்மொழியின் ‘துரூஃப்’ என்பதோடு ஒலியிலும் பொருளிலும் பொருந்தி நிற்கிறது. அரசியல் மேடையில் துருப்புச்சீட்டு என்று முழங்குவோர் எவரும் இந்த உறவை எண்ணியிருக்க மாட்டார்கள். கோட்டைகள் இடிந்த பின்னும் துட்டு, கக்கூசு முதலிய சொற்கள் தமிழில் தங்கியதுபோல, இவையும் தங்கின.

சொல்லோடு ஆட்டமும் வந்திருக்கக்கூடும் என்பதற்கு வலுவான குறிப்பு உண்டு. யாழ்ப்பாணத் தமிழர் ஆடும் ‘முந்நூற்று நான்கு’, கேரளத்தில் பரவிய ‘இருபத்தெட்டு’ ஆகிய இரண்டிலும் ராஜாவும் ராணியும் தாழ்ந்து நிற்க, ஜாக்கியே எல்லாவற்றுக்கும் மேலான சீட்டு, அடுத்தது ஒன்பது, பிறகு ஆஸ், பத்து. அரசனைச் சேவகன் வெல்லும் இந்த விந்தையான வரிசை ஐரோப்பாவில் யாஸ் எனப்படும் ஆட்டக் குடும்பத்துக்கு உரியது. டச்சு நாட்டின் கிளாவர்யாஸ் இன்றும் துருப்பில் அதே ஜாக்கியையும் ஒன்பதையும் உச்சியில் வைக்கிறது. முந்நூற்று நான்கில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. இனத்துக்கு 76 வீதம் நான்கு இனத்துக்கு 304, அதுவே ஆட்டத்தின் பெயர். இருபத்தெட்டில் ஜாக்கி 3, ஒன்பது 2, ஆஸ் 1, பத்து 1. ஏழு வீதம் நான்கு இனம். இரண்டிலும் பாதிச் சீட்டைப் பார்த்தவுடன் கேள்வி கேட்க வேண்டும். உயர்ந்த கேள்வி கேட்டவர் தம் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். கேட்ட இனம் கையில் இல்லாத ஒருவரால் அது வெளிப்படும்வரை மற்றவர்களுக்கு அது தெரியாது. டச்சு ஆட்சிக்கு உட்பட்ட கரைகளில் இந்தக் குடும்பம் வேரூன்றியிருப்பதும், கொழும்புக்குத் தோணி விட்ட தூத்துக்குடி அவற்றின் நடுவே இருப்பதும் வெறும் தற்செயல் என்று தள்ளத் தக்கவை அல்ல.

சீட்டின்மீது விழுந்த சூதுப் பழி இதை ஆராய விடாமல் தடுத்தது. திருக்குறள் ஓர் அதிகாரமே சூதைக் கடிய ஒதுக்கியிருக்க, சீட்டு ஆடுவோரைப் பற்றி நல்லது எழுத யாரும் துணியவில்லை. சட்டமோ இதில் நுட்பமாக நடந்துகொண்டது: திறமை மேலோங்கும் ஆட்டம் சூதாகாது என்னும் கொள்கையை 1968இல் ரம்மியை முன்னிட்டும், 1996இல் தமிழ்நாட்டுக் குதிரைப்பந்தய வழக்கிலும் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. பணம் வைத்து ஆடிக் குடும்பங்கள் நொடித்ததை மறைக்க வேண்டியதில்லை. எனினும் பணம் வைக்காமல், தோற்றவர் காதில் சீட்டைச் செருகிக்கொள்ளும் அளவோடு முடிந்த ஆட்டங்களையும் சேர்த்து மறப்பது ஆய்வுக்கு அழகன்று.

இனி, பாத்திரமேற்பு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இருபது முகப் பகடை ஆதிச்சநல்லூர்ப் பக்கத்துக்கு வந்து சேரவில்லை என்பதனால், வேறொருவராக இருந்து பார்க்கும் ஆட்டம் இங்கில்லை என்று முடிவு கட்டினால் அது பிழை. நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதி, ஒன்றுபோல் மடித்து, உள்ளங்கையில் குலுக்கிப் போட்டு, ஆளுக்கொன்று எடுக்கும் ஆட்டத்தை அக்காலப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். பெயருக்கொரு மதிப்பெண் உண்டு. ராஜாவுக்கு மிகுதி, திருடனுக்குச் சுழி. போலீஸ் மட்டும் தம்மை வெளிப்படுத்திக்கொண்டு, மற்றவர் முகங்களைப் பார்த்துத் திருடனைச் சொல்ல வேண்டும். தவறிவிட்டால் போலீஸின் மதிப்பெண் திருடனுக்குப் போய்விடும். வேறு சில இடங்களில் ராஜா ராணியைத் தேட, ராணி மந்திரியைத் தேட என்று சங்கிலியாகச் செல்லும். சீட்டைப் பிரித்த கணத்தில் உதட்டோரம் வரும் சிரிப்பை அடக்கத் தெரிந்தவரே நல்ல திருடன். திருடனைப்போல் விழித்துப் போலீஸைக் குழப்பும் மந்திரியும் உண்டு. மறைபாத்திர ஆட்டம் என்று இன்று வகைப்படுத்தப்படுவது இதுவே. அவ்வகையின் மூலமாகப் போற்றப்படும் ‘மாஃபியா’வை 1986இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவிதோவ் உருவாக்கினார் என்று உலகம் பெயரோடும் ஆண்டோடும் குறித்து வைத்திருக்கிறது. ராஜா ராணிச் சீட்டை முதலில் எழுதிய பிள்ளைக்குப் பெயரில்லை.

பாடநூலே ஆட்டக் கருவியானதும் இக்காலத்தில்தான் உச்சம் கண்டது. புத்தகத்தைக் கண்மூடித் திறந்து, இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ஓட்டமாகக் கொள்ளும் புக் கிரிக்கெட்டில், இடப்பக்கம் எப்போதும் இரட்டை எண் என்பதால் 0, 2, 4, 6, 8 ஆகியவையே வரும். 0 வந்தால் அவுட். எட்டுக்கு ஒரு ஓட்டம் என்ற விதியைக் கொண்டால் ஓர் ஆட்டக்காரர் சராசரியாக 13 ஓட்டங்களும், பத்து விக்கெட்டும் விழ ஓர் அணி ஏறத்தாழ 130 ஓட்டங்களும் எடுக்கும். உண்மையான ஒருநாள் ஆட்டத்துக்கு இது குறைவுதான். ஆனால் ஒரு பாடவேளைக்குள் இரு அணிகளும் ஆடி முடிக்க மிகச் சரியான அளவு. மற்போர் வீரர்களின் உயரமும் எடையும் அச்சிட்ட டிரம்ப் கார்டுகள் கடைகளில் தொங்கியபோது, அவற்றை வாங்க இயலாதவர்கள் அட்டையை வெட்டித் தாமே எழுதிக்கொண்டனர். மேஜிக் சீட்டுகளை உலகம் சேர்த்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

இவை ஏன் மங்கின என்பதற்குத் தொலைக்காட்சியை மட்டும் காரணம் காட்டுவது எளிய விடை. 1993இல் சன் டிவி தொடங்கியதும் மாலை நேரம் வீட்டுக்குள் திரும்பியது உண்மை. அதைவிட, புதிதாகக் கட்டிய வீடுகளில் திண்ணை இல்லாமற்போனதும், கரிக்கோடு வரையத் தகாத வழுவழுப்பான தரை வந்ததும், கோடை விடுமுறை தனிப்பயிற்சிக்குப் போனதும் ஆழமான காரணங்கள். சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002இல் தொடங்கிய ‘கிரீடா’ போன்ற முயற்சிகள் பழைய ஆட்டங்களை மீண்டும் பெட்டியில் வைத்துத் தருகின்றன. அது பாராட்டத் தக்க பணி. ஆயினும் பெட்டிக்குள் ஒரு விதிதான் அச்சேறும். ஆற்றங்கரையில் ஒரு விதி, கடற்கரையில் ஒரு விதி, ஒரே தெருவில் பாட்டிக்கு ஒரு விதி, பேத்திக்கு ஒரு விதி என்றிருந்த பெருக்கம் அதில் அடங்காது. புளியங்கொட்டையின் எட்டும் பித்தளையின் பன்னிரண்டும் அருகருகே இருந்தால்தான் மேலே கண்ட கணக்கு புலப்படும்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன் சொற்களையும் முறைகளையும் கேட்டு எழுத முத்துக்குளித்த முதியோர் பலர் இருந்த காலம் கடந்துவிட்டது. ஆட்டங்களுக்கு இன்னும் அந்நிலை வரவில்லை. 1990களில் பத்து வயதாயிருந்தவர்கள் இன்று முப்பதுகளின் பிற்பகுதியிலும் நாற்பதுகளிலும் இருக்கின்றனர்; அவர்களுக்குத் தாயம் சொல்லிக் கொடுத்த பெண்கள் பலர் உயிரோடிருக்கின்றனர். ஆதிச்சநல்லூர்க் காட்சிக்கூடத்துக்கு வரும் மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, தம் வீட்டில் எத்தனை காய், எந்த எண்ணுக்கு மறு உருட்டல், வெட்டாதவர் பழம் எடுக்கலாமா, திருடனுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டு எழுதி வரச் சொன்னால் ஓராண்டுக்குள் ஒரு மாவட்டத்தின் ஆட்ட விதிகள் திரண்டுவிடும். பள்ளிகளும் கல்லூரித் தமிழ்த்துறைகளும் இதை வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்க வேண்டும். அதுவரை காத்திராமல், இதைப் படிப்பவர் தம் வீட்டு விதியை இன்றே ஊர்ப்பெயரோடும் சொல்லிக் கொடுத்தவர் பெயரோடும் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம்.